அமுக்குவான் வரும்போது தெளிவுக் கனவுக்குள் நுழைவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

விடியற்காலையில் விழிப்பு வருகிறது. அறை தெரிகிறது, மின்விசிறிச் சத்தம் கேட்கிறது, பக்கத்தில் யார் படுத்திருக்கிறார்கள் என்பதும் தெரிகிறது. ஆனால் கை கால் அசையவில்லை, வாய் திறக்கவில்லை. மார்பின் மேல் ஏதோ ஏறி உட்கார்ந்த மாதிரி மூச்சு முட்டுகிறது. சேலம் பக்கம் இதற்கு அமுக்குவான் என்று பெயர். மருத்துவர்கள் தூக்க முடக்கம் என்பார்கள். தலையணைக்கடியில் இரும்புச் சாவி வைப்பது, நெற்றி நிறையத் திருநீறு பூசிப் படுப்பது என்று வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியம் உண்டு.

அமுக்குவான் ஏற்கெனவே அவ்வப்போது வந்து போகிறவர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி. இதுவரை வராதவர்கள் வரவழைக்கப் பார்க்க வேண்டாம். வரவழைக்கும் வழிகள் எல்லாமே தூக்கத்தைக் கெடுக்கும் வழிகள். தானாக வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு வசதி இருக்கிறது. தெளிவுக் கனவு என்றால் இது கனவு என்று தெரிந்துகொண்டே காணும் கனவு. அதற்குக் கனவு காணும் தூக்கமும் வேண்டும், விழித்திருக்கும் புத்தியும் வேண்டும். அமுக்குவான் நேரத்தில் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன. மற்றவர்கள் மாதக்கணக்கில் பயிற்சி செய்து எட்டிப் பிடிப்பது உங்களுக்குப் படுக்கையிலேயே கிடைக்கிறது. குறுக்கே நிற்பது பயம் ஒன்றுதான். கீழே வரும் படிகளில் பாதி அந்தப் பயத்தைச் சமாளிப்பதற்காகவே.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

இதைப் புரிந்துகொள்ளாமல் நேராகப் படிகளுக்குத் தாவினால், அந்த நேரத்தில் எதுவும் கைகொடுக்காது. எனவே கொஞ்சம் பொறுமை.

தூங்கும்போது சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக ஓடும் ஒரு கட்டம் வரும். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் இதைக் கண்டு எழுதினார்கள். ரெம் தூக்கம் என்பது இதுதான். தெளிவான, கதை போன்ற கனவுகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. முன்னிரவில் இது சில நிமிடங்களே நீடிக்கும். விடியும் நேரத்தில் அரை மணி நேரத்துக்கு மேலும் நீளும்.

கனவில் ஓடுகிறோம், சண்டை போடுகிறோம், ஆனால் படுக்கையில் கை கால் ஆடுவதில்லை. மூளைத் தண்டிலிருந்து போகும் உத்தரவால் கிளைசின், காபா என்ற வேதிப்பொருள்கள் தண்டுவடத்தில் தசை நரம்புகளை அடக்கி வைக்கின்றன. மோட்டார் ஓடிக்கொண்டிருக்க, கிளட்சை விட்டுத் தறியை நிறுத்தி வைத்திருப்பது போல. புத்தி விழித்த பிறகும் இந்த அடக்கம் விலகாமல் இருந்தால் அதுதான் அமுக்குவான். சில வினாடிகளிலிருந்து ஓரிரு நிமிடங்கள் வரை இருக்கும், பிறகு தானாகவே விலகிவிடும்.

மார்பு ஏன் அமுங்குகிறது? அடக்கப்படாமல் தப்பும் தசைகளில் முக்கியமானவை கண் தசைகளும், வயிற்றுக்கு மேலே இருக்கும் உதரவிதானமும். மூச்சு உதரவிதானத்தால் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆனால் விலா எலும்புகளுக்கு நடுவே உள்ள தசைகள் தளர்ந்து கிடக்கின்றன. நீங்கள் பயந்துபோய் நெஞ்சை விரித்துப் பெருமூச்சு இழுக்கப் பார்க்கிறீர்கள், நெஞ்சு விரிய மறுக்கிறது. உடனே யாரோ அமுக்குகிறார்கள் என்று மூளை கணக்குப் போட்டுவிடுகிறது. வேண்டிய காற்று உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது. இந்த ஒரு தகவலை மனதில் ஊற வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில் தோன்றுபவற்றை வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஆலன் செய்ன் 1999இல் மூன்றாகப் பிரித்தார். ஒன்று, அறைக்குள் யாரோ இருக்கிறார்கள் என்ற உணர்வு: காலடிச் சத்தம், கதவோரம் நிழல். இரண்டு, மார்பில் பாரம், கழுத்தில் பிடி. மூன்று, மிதப்பது, சுழல்வது, விழுவது, உடம்பை விட்டு வெளியே போவது. முதல் இரண்டும் பயத்தோடு கைகோத்து வருபவை. நமக்கு வேண்டியது மூன்றாவது. அது வந்தால் கனவு திறந்துவிட்டது என்று பொருள்.

இது ஏதோ அபூர்வ நோய் என்றும் நினைக்க வேண்டாம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வந்த கணக்கின்படி, பொதுமக்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வந்திருக்கிறது. மாணவர்களில் அது 28 சதவீதம். பரீட்சைக்குக் கண் விழிப்பவர்களுக்குக் காரணம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தெளிவுக் கனவும் கட்டுக்கதை அல்ல. கண் தசைகள் அடக்கத்திலிருந்து தப்புகின்றன என்று சொன்னேன் அல்லவா? அதை வைத்துத்தான் நிரூபித்தார்கள். 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் கருவியோடு காத்திருக்க, ஆலன் வொர்ஸ்லி என்பவர் கனவுக்குள்ளிருந்தபடி, முன்பே பேசி வைத்தவாறு கண்களை இடமும் வலமுமாக ஓட்டிச் சைகை கொடுத்தார். சில ஆண்டுகள் கழித்து ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜும் தனியாக இதையே நிறுவினார். 2021இல் வெளிவந்த ஆய்வில் நான்கு நாட்டு ஆய்வகங்கள் தூங்குபவர்களிடம் கேள்வியே கேட்டன. எட்டில் ஆறு போனால் எவ்வளவு என்ற கேள்வி கனவுக்குள் கேட்டு, இரண்டு என்று கண்ணாலேயே பதில் வந்தது.

யார் இதில் இறங்கக் கூடாது?

மனச்சிதைவு, இருமுனை மனநோய், கடுமையான அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பு உள்ளவர்கள் இதைத் தொட வேண்டாம். கனவுக்கும் நனவுக்கும் நடுவே உள்ள கோட்டை வேண்டுமென்றே கலைக்கும் பயிற்சி இது. அவர்களுக்கு அந்தக் கோடு தெளிவாக இருப்பதே முக்கியம்.

பகலில் அடக்க முடியாத தூக்கம், சிரிக்கும்போதோ கோபப்படும்போதோ முழங்கால் திடீரென்று துவண்டுபோவது, பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது, வாரத்துக்குப் பல தடவை அமுக்குவான் வருவது: இவற்றில் எது இருந்தாலும் முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சேலம் நகருக்குள்ளேயே இருக்கிறது. மனம் சம்பந்தமாகப் பேச 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கனவுக்காக அதை நிறுத்தவே கூடாது. அந்த மாத்திரைகள் பல ரெம் தூக்கத்தைக் குறைத்து வைத்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் அது கட்டுக்கடங்காமல் திரும்பி வரும். தெளிவுக் கனவுக்கு என்று சிலர் பரிந்துரைக்கும் கேலன்டமின் மறதி நோய்க்குக் கொடுக்கும் மருந்து. கனவுக்காக அதை விழுங்குவது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகவே படுகிறது.

இன்னொன்று. காலையில் ஏற்காடு மலைப்பாதையில் வண்டி ஓட்ட வேண்டியவர், உலையிலோ தறியிலோ நிற்க வேண்டியவர், முந்தின இரவு எதையும் முயல வேண்டாம். நன்றாகத் தூங்குங்கள்.

முதல் படி: பகலில் செய்ய வேண்டியவை

தலைமாட்டில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். எழுந்ததும் கைபேசியைத் தொடுவதற்கு முன் நினைவில் இருக்கும் கனவை எழுதுங்கள். ஒரு வரி இருந்தாலும் போதும். அமுக்குவான் வந்த நாட்களில் நேரம், படுத்திருந்த விதம், முந்தின நாள் எவ்வளவு தூங்கினீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சில வாரங்களில் உங்களுக்கு எப்போது வருகிறது என்பது நோட்டிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது, இது கனவா என்று சோதிக்கும் பழக்கம். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு மூச்சு இழுத்துப் பாருங்கள். கனவில் பெரும்பாலும் மூச்சு தாராளமாகப் போகும். இன்னொரு சோதனை எழுத்து. கனவில் ஒரு பலகையைப் படித்துவிட்டுத் தலையைத் திருப்பி மறுபடி படித்தால் எழுத்து மாறியிருக்கும். நம் பக்கத்து ஆட்களுக்கு இதற்குத் தோதான பொருள் ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் பலகை. பேருந்தில் போகும்போது எண்ணைப் பாருங்கள், கண்ணை எடுங்கள், மறுபடி பாருங்கள், உண்மையாகவே சந்தேகப்பட்டுக் கேளுங்கள். கனவில் அதே பாதை வரும்போது பதினோராவது வளைவுக்குப் பிறகு நான்காவது வளைவு வந்தால் விஷயம் புரிந்துவிடும். கடமைக்குச் செய்தால் பலன் இல்லை. பகலில் சந்தேகமே இல்லாமல் செய்யும் சோதனையைக் கனவிலும் அப்படியேதான் செய்வீர்கள்.

மூன்றாவதுதான் அதிகம் உதவுவது, அதிகம் பேர் விட்டுவிடுவது: ஒத்திகை. பகலில் பத்து நிமிடம் மல்லாந்து படுங்கள். கை கால் அசையவில்லை என்று கற்பனை செய்யுங்கள். கதவோரம் நிழல் வருவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். “இது ரெம் தூக்கம், மூச்சு ஓடுகிறது, தானாக விலகும்” என்று மனதுக்குள் நிதானமாகச் சொல்லிப் பழகுங்கள். பயம் வந்த பிறகு புது யோசனை எதுவும் தோன்றாது, பழகினது மட்டும்தான் வரும்.

வீட்டில் பக்கத்தில் படுப்பவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். “அம்மாயி, ராத்திரி நான் முனகினா தோளைத் தொட்டுப் பேர் சொல்லிக் கூப்பிடு” என்றால் போதும். வெளியிலிருந்து ஒருவர் தொட்டாலோ கூப்பிட்டாலோ முடக்கம் பொதுவாக உடனே கலைந்துவிடும். இந்தப் பாதுகாப்பு இருக்கிறது என்ற நினைப்பே பாதிப் பயத்தைக் குறைக்கும்.

இரண்டாம் படி: நேரமும் படுக்கையும்

“மல்லாக்கப் படுக்காத கண்ணு, அமுக்குவான் வரும்” என்று பாட்டிமார் சொல்வது சரிதான். முடக்கம் மல்லாந்து படுக்கும்போது அதிகம் வருகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. முயற்சி செய்யும் நாளில் மல்லாந்து படுங்கள், மற்ற நாட்களில் ஒருக்களித்துப் படுங்கள். அமுக்குவானே வேண்டாம் என்று இருப்பவர்களுக்கும் ஒருக்களித்துப் படுப்பதுதான் முதல் மருந்து.

முயற்சிக்கு ஏற்ற நேரம் படுத்து ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு. இரவு பத்தரைக்குப் படுத்தால் மூன்றரைக்கு அலாரம். எழுந்து தண்ணீர் குடித்து, மங்கலான விளக்கில் கனவு நோட்டைப் புரட்டிவிட்டு, இருபது அல்லது முப்பது நிமிடம் கழித்து மறுபடி படுங்கள். படுக்கும்போது “அசைய முடியாமல் போனால் அது கனவு என்று அறிவேன்” என்று சொல்லிக்கொண்டே தூங்குங்கள். மறுநாள் விடுமுறையாக இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நாளுக்கு மேல் வேண்டாம்.

இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு, அது உருக்காலையோ விசைத்தறியோ கொலுசுப் பட்டறையோ, அலாரமே தேவைப்படாது. தூக்க நேரம் தாறுமாறாக மாறுவதே முடக்கத்துக்குக் காரணங்களில் ஒன்று. காலையில் வீடு திரும்பிப் படுக்கும்போது ரெம் தூக்கம் சீக்கிரமே வந்துவிடும். அவர்கள் தூக்கத்தை உடைத்து எதையும் முயல வேண்டாம். வருகிற நாளில் பயன்படுத்திக்கொண்டால் போதும்.

குளிரும் வெக்கையும் கணக்கில் உண்டு. ரெம் தூக்கத்தில் உடம்பு தன் சூட்டைச் சரியாகக் கட்டுப்படுத்தாது. வியர்ப்பதும் நடுங்குவதும் குறைந்துவிடும். அதனால் அறை மிகவும் சூடானாலோ குளிர்ந்தாலோ முதலில் அடிபடுவது ரெம் தூக்கம். சித்திரை மாதத்துச் சேலத்தில் மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் இதை முயல்வது வீண். மார்கழியில் ஏற்காட்டில் என்றால் காலுறையும் நல்ல கம்பளியும் வேண்டும். இரவில் மது வேண்டாம். அது முன்னிரவில் ரெம்மை அமுக்கிவிட்டு விடியற்காலையில் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும். சாயங்காலத்துக்குப் பிறகு காபியும் வேண்டாம், சேர்வராயன் மலைக் காபியாகவே இருந்தாலும்.

மூன்றாம் படி: வந்துவிட்டது

முதல் வேலை, திமிறுவதை நிறுத்துவது. திமிறத் திமிறப் பயம் ஏறும். பயம் ஏறினால் நிழலுக்கு முகம் முளைக்கும். மூளையில் ஆபத்தைத் தேடும் பகுதி அந்த நேரத்தில் முழு வேகத்தில் இருக்கிறது. நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்களோ அதை வைத்தே அது படம் காட்டுகிறது. நம் ஊரில் பேய் வருவதும் வேறு நாடுகளில் மார்பில் கிழவி ஏறி உட்காருவதும் வேற்றுக்கிரகவாசி வருவதும் இதனால்தான்.

கண்ணை மூடியே வையுங்கள். திறந்தால் உண்மை அறையும் கனவு உருவமும் ஒன்றன் மேல் ஒன்று விழும். பயங்கரமான காட்சிகளில் பல அப்படித் தோன்றுபவைதான். மூச்சை இழுக்கவும் வேண்டாம், அடக்கவும் வேண்டாம். வயிறு ஏறி இறங்குவதைக் கவனியுங்கள்.

பிறகு மனதை ஒரே பொருளில் நிறுத்துங்கள். பலாந்த் ஜலால் என்ற ஆய்வாளர் 2016இல் முன்வைத்த நான்கு கட்டச் சிகிச்சை முறையின் சாரமும் இதுதான்: இது ஆபத்தில்லை என்று பொருளை மாற்றிக்கொள்வது, பயத்திலிருந்து விலகி நிற்பது, மனதுக்குப் பிடித்த ஒன்றில் கவனத்தைக் குவிப்பது, தசைகளைத் தளர விடுவது. அவர் இதைச் சொன்னது முடக்கத்தின் கொடுமையைக் குறைக்க. நமக்கு அதே நிதானம் கனவுக்குள் போகவும் உதவுகிறது. பிடித்த பொருள் கோட்டை மாரியம்மன் முகமாக இருக்கலாம், குழந்தையின் சிரிப்பாக இருக்கலாம், ஒரு பாட்டின் முதல் வரியாகவும் இருக்கலாம். முன்பே தேர்ந்து வையுங்கள்.

நிழல் அப்போதும் போகவில்லையா? அதனிடம் பேசுங்கள், வாயால் அல்ல, மனதால். “வா, உட்கார்” என்று சொல்லிப் பாருங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் வரவேற்கப்பட்ட பேய் பெரும்பாலும் மிரட்டத் தெரியாமல் நிற்கும்.

நான்காம் படி: வெளியேறுவதா, உள்ளே போவதா?

இந்த இடத்தில் மனதைக் கேளுங்கள். பயம் தணியவில்லை என்றால் வெளியேறுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கால் கட்டைவிரலை மட்டும் அசைக்க முயலுங்கள், அல்லது கண்களை வேகமாக இடமும் வலமும் ஓட்டுங்கள், முகத்தைச் சுளியுங்கள். சிறிய தசை ஒன்று அசைந்தால் மற்றவை பின்னாலேயே வரும். வெளியே வந்ததும் உடனே மறுபடி படுக்காதீர்கள். எழுந்து உட்கார்ந்து விளக்கைப் போட்டு ஐந்து நிமிடம் கழித்து ஒருக்களித்துப் படுங்கள். இல்லையென்றால் அதே வாசலில் மறுபடி மாட்டிக்கொள்வீர்கள்.

ஐந்தாம் படி: உடம்பை விட்டு எழுவது

பயம் தணிந்துவிட்டது. காதில் இரைச்சலோ உடம்பு முழுக்க அதிர்வோ இருக்கலாம், அது நல்ல அறிகுறி. இப்போது நிஜ உடம்பை அசைக்கப் பார்க்காதீர்கள். அசைவதை உணரப் பாருங்கள். வித்தியாசம் முதலில் குழப்பும். இரண்டு உள்ளங்கைகளும் உரசுவதாக நினையுங்கள், தசைக்கு உத்தரவு போடாமல், உரசலின் சூடும் சொரசொரப்பும் தெரியும் வரை. சில வினாடிகளில் கனவுக் கைகள் வந்துவிடும்.

கை வந்ததும் பக்கவாட்டில் உருளுங்கள். கட்டிலை விட்டுத் தரையில் விழுவது மாதிரி. ஆரம்பிப்பவர்களுக்கு எளிதானது உருளுவதுதான் என்பது என் எண்ணம். அது நடக்கவில்லை என்றால் படுக்கைக்குள் மெதுவாக மூழ்கிக் கீழே இறங்குவதாக உணருங்கள், அல்லது ஊஞ்சலில் ஆடுவதாக. ஒன்றைச் சில வினாடிகள் முயன்று பாருங்கள், வரவில்லை என்றால் அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கலக்காதீர்கள்.

உருளுவது பிடிக்காதவர்களுக்கு இடம் வழியாக ஒரு பாதை உண்டு. நன்கு தெரிந்த ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் இரவு நேரம், கீழே சேலம் நகரத்து விளக்குகள். காட்சியை மட்டும் பார்த்தால் அது படமாகவே நிற்கும். கையில் இரும்புக் கம்பியின் குளிர், காதில் காற்று, காலடியில் கல், மூக்கில் ஈர மண் வாசனை என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். கால் தரையை உணரும் நேரத்தில் படுக்கை மறைந்திருக்கும்.

ஆறாம் படி: கனவில் முதல் அரை நிமிடம்

அதிகம் பேர் கோட்டை விடுவது இங்கேதான். உள்ளே வந்த சந்தோஷத்தில் குதித்துப் பறக்கப் பார்ப்பார்கள், கனவு கலைந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். பறப்பது அப்புறம். முதலில் கைகளை உரசுங்கள், சுவரைத் தடவுங்கள், பக்கத்தில் இருக்கும் எதையாவது எடுத்து உற்றுப் பாருங்கள். மூக்கைப் பிடித்துச் சோதனை செய்து இது கனவு என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

முடக்கத்திலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் தங்கள் அறையிலேயே, தங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே எழுவார்கள். கட்டிலில் படுத்திருக்கும் தன்னைத் திரும்பிப் பார்க்கும் ஆசை வரும். பார்க்காதீர்கள். உடம்பை நினைத்தாலே அது உங்களை இழுத்துக்கொள்ளும். கதவைத் திறந்து வெளியே நடங்கள். கதவுக்கு அப்பால் என்ன இருக்க வேண்டும் என்பதைத் திறக்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

மங்கினால் ஒரு காலை ஊன்றிச் சுற்றுங்கள், அல்லது மறுபடி கையை உரசுங்கள். முதல் சில தடவை ஒரு சிறு வேலையோடு போதும் என்று இருங்கள்: தெருமுனை வரை நடப்பது, மல்கோவா ஒன்றைக் கடித்துப் பார்ப்பது. விழிக்க விரும்பினால் தரையில் படுத்து அசையாமல் கண்ணை மூடுங்கள், பெரும்பாலும் கலைந்துவிடும்.

ஏழாம் படி: போலி விழிப்பு

எழுந்தீர்கள், பல் துலக்கினீர்கள், பேருந்து நிறுத்தத்துக்கு வந்துவிட்டீர்கள், ஆனால் இன்னும் கனவில்தான் இருக்கிறீர்கள். முடக்கத்தோடு விளையாடுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். ஒவ்வொரு விழிப்புக்குப் பிறகும் மூக்குச் சோதனை செய்யுங்கள். மாடியிலிருந்து குதிப்பது போன்ற எதையும் “கனவுதானே” என்று செய்யவே வேண்டாம், கனவு என்று உறுதியாகத் தெரிந்தாலும். பறக்க வேண்டுமென்றால் தரையிலிருந்து எழும்பிப் பறக்கலாம்.

சரிவராவிட்டால்

உள்ளே போவதற்குள் முடக்கம் விலகிவிடுகிறதா? அசையாமல் அப்படியே படுத்திருங்கள். விடியற்காலை என்றால் சில நிமிடங்களில் ரெம் திரும்ப வர வாய்ப்பு உண்டு. பயத்தை மட்டும் தாண்ட முடியவில்லையா? நான்காம் படியோடு நிறுத்திக்கொண்டு சில மாதம் மூன்றாம் படியை மட்டும் பழகுங்கள். முயற்சி தொடங்கிய பிறகு அமுக்குவான் அடிக்கடி வருகிறது, பகலில் தலை கனக்கிறது, தூங்கப் போகவே பயமாக இருக்கிறது என்றால் அலாரத்தை எடுத்துவிட்டு, ஒரு மாதம் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். எந்த நாளில் எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதிய பக்கங்கள் அவருக்கும் பயன்படும்.